முள் விழுந்த தடம்

அன்பிற்குரிய மகளுக்கு,

அப்பா எழுதுவது. இறையருள் துணைநிற்க, அம்மாவின் முழங்கால் ஒன்று நீங்கலாக இந்த வீட்டில் அனைத்தும் நலமே. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எக்குறையுமின்றி இருக்கிறீர்கள் என்ற சொல் உன்னிடமிருந்து வரும்வரை எங்கள் நலம் அரைநலமே என்று அறிவாயாக. மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்று எழுதியிருந்தாய். அவர் எங்கே நாற்காலியில உக்காருறாரு, படுக்கத்தானே செய்யுறாரு, போட்டோவுலயே தெரியுதே என்கிறாள் உன் அம்மா. இதை அவரிடம் பக்குவமாகச் சொல். அம்மா சொன்னதாகச் சொல்லாதே. நீ இரவுப் பணியை ஏற்றுக்கொண்டதில் எனக்கு உடன்பாடில்லை என்பதை முன்பே எழுதிவிட்டேன். ஆகவே மறுமுறை எழுதவில்லை, நினைவூட்டுகிறேன், அவ்வளவே. இனி நான் சொல்லப் புகுவது தொலைபேசியில் சொல்லத்தக்கதன்று. தொலைபேசியில் நான் தோற்றுவாய் செய்வதற்குள் உன் அம்மா இடையில் புகுந்து முடிவைச் சொல்லிவிடுவாள். நான் இப்பொழுது இருக்கும் மகிழ்ச்சியில் முடிவை மட்டும் எவரேனும் சொன்னால் தாங்கமாட்டேன்.

நான் ஓய்வுபெற்றபின் இசைத்தட்டுகள் சேர்ப்பதை நீ அறிவாய். எல்லோரும் கேட்கும் பாட்டு எனக்கு வேண்டா. பதித்தவர்களே எதற்குப் பதித்தோம் என்று மறந்துபோனவை எவையோ அவையே என் செல்வம். தையல் இயந்திரம் வாங்கியோர்க்கு இனாமாகத் தந்த தையற்பாடம், குறட்டை விடுவோர் கேட்டு வெட்கித் திருந்துவதற்கென்று குறட்டையையே இருபுறமும் பதித்த தட்டு, இப்படி. நாளும் மறை ஓதுற வாய்க்குப் பக்கத்துல இந்தக் காது எதுக்கு இப்படிச் சீரழியுது என்று உன் சித்தப்பா கேட்டார். ஆண்டவன் யானையோட நிறுத்திக்கிட்டானா தம்பி, ஓணானையும் படைச்சானே என்றேன். அதன்பின் அவர் இப்பேச்சை எடுப்பதில்லை. என்போன்ற சிலர் ஞாயிறுதோறும் ரேடியோ பழுதுபார்க்கும் கடையின் பின்னறையில் கூடுவோம். கடைக்கு உரிமையாளரான அம்மையார் எங்கள் தலைவி. என்னைப் ‘புலவர்’ என்று அழைப்பார்கள். அது பாதி மரியாதை, பாதி கேலி. எங்களுக்குள் ஒரு முறைமை உண்டு. தட்டுகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும்போது அங்கே ஓட்டிப் பார்ப்பதில்லை. அரிய தட்டு ஒவ்வொரு முறை ஓடும்போதும் சிறிது தேயும் அல்லவா? ஆகவே தருபவர் இதில் இன்னது இருக்கிறது என்று சொன்னால் அச்சொல்லே சான்று. சொல் பிழைத்தவருக்கு அதன்பின் அந்த அறையில் இருக்கை இல்லை.

எனக்கும் எங்கள் கூட்டத்துப் பல் மருத்துவருக்கும் நேர்ந்ததைக் கேள். அவரிடம் ஒரு தட்டு இருந்தது. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்வோரைப் பயிற்றுவதற்காகப் பதித்தது. இல்லாத ஊர்களுக்கு இல்லாத வண்டிகள் தாமதமாக வருவதை ஒரு பெண் அத்தனை கனிவோடு அறிவிக்கிறாள். அதன்மேல் எனக்கிருந்த வேட்கை துறவிக்கு ஆகாதது. அதற்கு ஈடாக, நடுவில் விளக்கின் படம் மட்டும் அச்சிட்ட, பெயரோ ஊரோ இல்லாத ஒரு தட்டைக் கொடுத்தேன். ஒருபுறம் மட்டுமே பதிவு, மறுபுறம் வழுவழுப்பு. இதில் ஒரு பெண் ஆண்டவனிடம் தன் மனக்குறையைச் சொல்லி அனுப்பும் தூதுப் பாடல் இருக்கிறது, கலிவெண்பா, கேட்டால் கல்லும் உருகும் என்று சொல்லிக் கொடுத்தேன். மறுநாளே அவர் தொலைபேசியில் அழைத்தார். கல் உருகுனது இருக்கட்டும் புலவரே, என் ரத்தம் கொதிக்குது, பாட்டுமில்ல கீட்டுமில்ல, ஒரு ஆளு உக்காந்து வா, வா, மாமா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கான், என்னைப் பார்த்தா கேனையன் மாதிரியா தெரியுது என்றார். நான் கேட்டது என் செவியால் கேட்டது என்றேன். அப்ப என் காது பொய் சொல்லுதா என்றார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுத என் எழுதுகோல் கூசுகிறது. பக்தியைப் போர்வையாகப் போர்த்திய ஏமாற்றுக்காரன் என்பது அதன் சாரம். மகளே, இருபது வயதில் கேட்டிருந்தால் சினந்திருப்பேன். இந்த வயதில் கேட்டபோது நெஞ்சு வற்றிப்போயிற்று. வாய்மை தவிர வேறொன்றையும் ஈட்டாதவனுக்கு அதிலும் ஐயம் என்றால் மிஞ்சுவது யாது? அதனினும் கொடிது, சாயங்காலம் பேசிச் சிரிக்க இருந்த ஒரே நண்பர் போனார். உங்களுக்கு டாக்டர் பெருசா தட்டு பெருசா, தட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு ஆளைக் கூட்டிட்டு வாங்க என்றாள் அம்மா. திருப்பிக் கொடுத்தால் பொய்யை ஒப்புக்கொண்டதாகுமே என்று நான் அசையவில்லை.

ஞாயிறு வந்தது. தட்டைப் பையில் வைத்துக்கொண்டு பல் மருத்துவர் முன்னமே வந்து அமர்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைவி முறைமையை ஒருநாள் தள்ளிவைத்து, எல்லார் முன்னாடியும் ஓடட்டும், புலவரே போடட்டும் என்றார். நான் வழக்கம்போல் தட்டைச் சுழலவிட்டு, அச்சிட்ட விளக்கு நிமிர்ந்து என்னை நோக்கி வரும் கணத்துக்குக் காத்திருந்து முள்ளை இறக்கினேன். விளக்கைத் தலைகீழாக வைத்து ஒன்றைத் தொடங்க என் கை எழாது; அது என் பழக்கம். பாடல் எழுந்தது! அதே பெண், அதே உருக்கம். அறையில் அனைவரும் மருத்துவரைப் பார்த்தார்கள். காது டாக்டர்கிட்ட காட்டுங்க டாக்டர் என்றார் எங்களில் ஒருவரான பேருந்து ஓட்டுநர். நான் வென்றேன். வென்றேனே தவிர, நண்பரின் முகம் வெளுத்ததைக் கண்டபோது வெற்றி நாவில் கசந்தது. அவர் எழுந்து, இருங்க, என் பொண்டாட்டியும் கூடத்தானே கேட்டா, எங்க ரெண்டு பேருக்குமா பைத்தியம் புடிச்சிருக்கு என்று தாமே கைவைத்தார். அவர் வீட்டில் முள் தானாக இறங்கும் இயந்திரமாம். விளக்கையோ தலைகீழையோ அவர் பார்ப்பதில்லை. பட்டென்று இறக்கினார். ஓர் ஆண்குரல் மிகப் பொறுமையாக, வா, சொல்லு, வா, எங்க சொல்லு, மாமா வா என்றது!

அறை பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும்! ஓட்டுநர் பேய் பேய் என்கிறார். தலைவி இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டார். பல் மருத்துவர் மட்டும் தம் பையிலிருந்து, சொத்தைப் பல் பார்க்கக் கண்ணில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தட்டின் விளிம்பில் குனிந்தார். மூச்சுவிடாமல் பார்த்தார். பிறகு, யோவ் புலவரே, வேர் ரெண்டுய்யா, இங்க ஒண்ணு, அதுக்கு நேர் எதிர்ல இன்னொண்ணு என்று கூவினார். நானும் பார்த்தேன். எல்லாத் தட்டிலும் வெளி விளிம்பில் தொடங்கி நடுவரை சுருண்டு செல்லும் தடம் ஒன்றே. இதிலோ இரண்டு தடங்கள், ஒன்றையொன்று தொடாமல், பின்னிய சடைபோல் சேர்ந்து சுருள்கின்றன. முள் எதில் விழுகிறதோ அதுவே ஒலிக்கும்! விளக்கை நேராக்கிப் போடும் என் பழக்கம் என்னை எப்பொழுதும் ஒரு தடத்திலேயே சேர்த்தது. அவர் இயந்திரம் அவரை மற்றதில் தள்ளியது. அப்படின்னா நானும் பொய் சொல்லல, நீரும் பொய் சொல்லல, என்னய்யா இது, சண்டைய இன்னும் நாலு மாசம் ஓட்டலாம்னு இருந்தேனே, கெடுத்துட்டீரே என்று என் முதுகில் ஓர் அறை விட்டார். இன்னும் எரிகிறது, எத்தனை இனிய எரிச்சல்!

அப்பொழுது தலைவி கேட்டார், அது சரி, சாமி பாட்டுக்குப் பக்கத்துல எவனாவது ‘மாமா வா’வைப் பதிப்பானா என்று. மகளே, அக்கணத்தில் எனக்குள் மின்னிற்று. உரக்கச் சிரித்துவிட்டேன். அந்தப் பெண் ஆண்டவனிடம் தூது அனுப்புவது யாரை என்று கேட்டீர்களா என்றேன். கிளியை! பசுங்கிளியே, என் துயரைச் சென்று சொல் என்று கண்ணிக்குக் கண்ணி கெஞ்சுகிறாள். கிளி சென்று சொல்ல வேண்டுமானால் முதலில் எவரேனும் அதற்குப் பேசக் கற்பிக்க வேண்டாமா? மற்றத் தடத்தில் இருப்பவர் அந்தக் கிளியின் வாத்தியார்! நூறு நூறாகத் தூதுப் பாடல் படித்தவன் நான். கிளிக்கு யார் பேசக் கற்றுக்கொடுத்தது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லையே. பெயரைக்கூடப் போடாமல் இந்தக் குறும்பைச் செய்துவிட்டுப் போனவர் எவரோ, அவர் எந்த உலகில் இருந்தாலும் ஆண்டவன் அவரை அருகில் இருத்திக்கொள்ளட்டும். தடம் முடிகிறவரை அந்த வாத்தியார் ‘வா’வைத் தாண்டவில்லை என்பதையும் மறுபடி கேட்டு உறுதிசெய்தோம். பாவம், அந்தப் பெண் காத்திருக்க வேண்டியதுதான்.

பேத்தியைக் காலையில் எழுப்பும்போது அதட்டாதே. குளிர் தொடங்குமுன் கம்பளியை வெயிலில் போடு. அங்கே பழைய தட்டுகள் விற்கும் கடை கண்ணில் பட்டால் எனக்கென்று பாட்டுத்தட்டு தேடாதே. இது எதுக்கும் உதவாது என்று கடைக்காரர் எதை ஒதுக்கி வைத்திருக்கிறாரோ அதை வாங்கி, விளிம்பில் விரல் படாமல் அனுப்பு. எண்ணியவெல்லாம் கைகூடி, நோயற்று, மனம் நிறைந்து, நீயும் உன்னவரும் குழந்தையும் நீடூழி வாழ அந்தப் பரம்பொருளை இருவேளையும் இறைஞ்சுகிறேன். இன்னும் எழுத உண்டு. ஆனால் பல் மருத்துவர் தட்டோடு வந்து கூடத்தில் அமர்ந்துவிட்டார். பாட்டுதான் விழும் என்று உன் அம்மாவும், கிளி வாத்தியார்தான் என்று அவரும் வாசலுக்குக் கேட்கும்படி வாதாடுகிறார்கள். புலவரே, வர்றீரா, இல்ல நானே போட்டுடவா என்கிறார். விளக்கு நேராவதற்குள் போட்டுவிடுவார் இந்த மனிதர். நான் எழுகிறேன்.

உன் நலனே தன் நலனாகக் கொண்ட,
அப்பா