பூரணி எழுதாத வார்த்தை

பூரணி அப்பாவுக்கு,

முசிறியிலேருந்து ஆள் வந்திருக்கு. தங்கச்சிக்கு வலி எடுத்திருச்சாம், கிளம்பிட்டேன். சோறு வடிச்சிருக்கேன், வத்தக்குழம்பைச் சுட வச்சுக்குங்க. பூரணி பக்கத்துல குழலி அக்கா வீட்டுல இருக்கா, சாவியும் அங்கதான்.

நேத்து அவ காதைத் திருகுனீங்களே, ஒரு வார்த்தையை எழுதாம விட்டிருக்கான்னு பார்த்துட்டு, இந்தச் சின்ன வார்த்தைகூட எழுத வராதான்னு. எனக்கு ஆத்திரம் தாங்கல, அதான் சாப்பிடாமப் படுத்துட்டேன். காலையில பள்ளிக்கூடத்துல டீச்சர் சொன்னாங்க. அணில், இலை, ஊஞ்சல் எல்லாம் சொல்லச் சொல்ல எழுதுறாளாம். "தம்பி"ன்னதும் சிலேட்டுக் குச்சியைக் கீழே வச்சுடுறாளாம். கேட்டா, "எங்க வீட்டுல அதைச் சொல்லக் கூடாது டீச்சர். அம்மா அழும், அப்பா எழுந்து வெளியே போயிடும்"னாளாம்.

ஐப்பசியில நம்ம பையன் காய்ச்சல்ல போனதுலேருந்து நாம அப்படித்தானே இருக்கோம்.

சாயங்காலம் நீங்களே அவளுக்கு வார்த்தை சொல்லுங்க. அதையும் சேர்த்துச் சொல்லுங்க. எழுந்து போயிடாதீங்க.

இன்னொண்ணு. இப்பத்தான், அவளைக் குழலி அக்கா வீட்டுல விடுறதுக்கு முன்னாடி பார்த்தேன். சிலேட்டுல அதை எழுதி வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா. என் காலடிச் சத்தம் கேட்டதும் உள்ளங்கையால அழிச்சுட்டா. அவளுக்கு நல்லாவே எழுத வருதுங்க.