மேடா, பள்ளமா

வெள்ளிக்கிழமை, இரவு.

மதியம் ஸ்டாஃப் ரூமில் அறிவியல் டீச்சர் பிலோமினா போனில் செவ்வாய் கிரகப் படம் ஒன்று காட்டினார். செம்மண் தரையில் வரிசையாக மேடுகள். யாரோ குவித்து வைத்தது போலவே இருந்தது.

"போனைத் தலைகீழாத் திருப்புங்க டீச்சர்" என்றார்.

திருப்பினேன். அத்தனையும் பள்ளம். வெளிச்சம் மேலிருந்து விழுவதாகவே கண் எடுத்துக்கொள்ளுமாம். வெயில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் மேடா பள்ளமா என்று சொல்லக் கூடாதாம்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிறுமலை அடிவாரத்தில் என் பங்கு நிலத்தையும் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். போன வாரம் ட்ரோனில் எடுத்த படம் அனுப்பி, உரத்துக்குக் கம்மாய் வண்டல் குவித்து வைத்திருப்பதாகச் சொன்னான். வீட்டுக்கு வந்ததும் அதைத் திருப்பிப் பார்த்தேன். குவியல் எல்லாம் குழியாகிவிட்டது. அந்தப் பக்கம் திருட்டுத்தனமாகச் செம்மண் வெட்டி அள்ளும் லாரி ஓடுவதாகவும் பேச்சு.

கூடப் பிறந்தவனைச் சந்தேகப்படுவது பாவம். நிஜக் குவியலும் திருப்பினால் குழியாகத்தான் தெரியும். எங்கள் நிலத்தில் கிழக்கு மேற்கு எனக்குத் தெரியும்; வெயில் எந்தப் பக்கம் என்பதுதான் தெரிய வேண்டும். அதனால் போன் போட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்.

"ஏப்பா, அந்தப் படம் காலையில எடுத்ததா, சாயங்காலமா?"

வளவளவென்று பேசுகிறவன் குரலைத் தாழ்த்தினான்.

"படத்த யார்கிட்டக்கா காட்டுன?" என்றான்.