புல் வளர்ந்த கபுர் கைவிடப்பட்டதல்ல

அனுப்புநர்
மு. இன்ஷா,
தாய்மாமா பாசில் வீடு,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா, அமெரிக்கா.

பெறுநர்
மேயர் அவர்கள்,
ரோஷ்வியே மலைக்கிராமம், பிரான்ஸ்.
(திரு. பசுபதி அவர்கள் பிரெஞ்சில் மொழிபெயர்த்து நேரில் தருவார்.)

பொருள்: என் தந்தையின் கபுரை (கல்லறையை) அகற்றாதிருக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் ஊர்க் கோட்டைவாசலை ஒட்டிய விடுதியில் சமையல்காரராக இருந்த காரைக்கால் முகம்மது என் தந்தை. 2002இல் மாரடைப்பால் இறந்தார். உங்கள் ஊர் இடுகாட்டிலேயே அடக்கினோம். அவர் முகம் மக்காவை நோக்க வேண்டும் என்பதால், மற்ற வரிசைகளுக்குக் குறுக்காகக் குழி வெட்ட நீங்கள்தான் அனுமதி தந்தீர்கள். அதன்பின் நாங்கள் காரைக்காலுக்குத் திரும்பி, பிறகு இங்கே தாய்மாமா வீட்டுக்கு வந்துவிட்டாலும் அதை மறக்கவில்லை.

1. இம்மாதம் முதல் தேதி, உங்கள் ஊரார் இறந்தவர்களுக்குப் பூந்தொட்டி வைக்கும் நாளில், தந்தையின் நண்பர் பசுபதி அவர்கள் மலையேறி வந்தார். கபுரின் மேல் ஒரு பலகை நட்டிருந்ததாம். இது கவனிப்பாரற்ற கல்லறை, குடும்பத்தார் வராவிட்டால் கோடைக்கு முன் எலும்புகள் பொதுக்குழிக்கு மாற்றப்படும் என்று அதில் இருந்ததாம். அவர் தொலைபேசியில் சொன்னபோது வேறு யாரைப் பற்றியோ சொல்கிறார் என்றே நினைத்தேன்.

2. எங்கள் வழக்கத்தில் கபுரின் மேல் பளிங்கு வைப்பதில்லை. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வொரு கல் நடுவோம். மண்ணில் முளைக்கும் பச்சையைப் பிடுங்க மாட்டோம். காரைக்காலில் எங்களவர்களை அடக்கும் பள்ளிவாசல் மையவாடி முழுதும் இப்படித்தான் இருக்கும். அங்கே யாரும் பலகை நடுவதில்லை.

3. பசுபதி அவர்கள் நல்லெண்ணத்தில், புல்லை எடுத்துவிட்டு ஒரு பூந்தொட்டியாவது வைக்கட்டுமா என்று கேட்டார். என் தாய் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி, “புல்லப் புடுங்கிடாதீங்கண்ணே. பச்சையா இருக்கறவரைக்கும் அது அவங்களுக்காக ஓதிக்கிட்டு இருக்கும்” என்றார். என் தாய்மாமாவோ, ஊருக்கேற்ப ஒரு பளிங்கை வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார். யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

4. நாங்கள் அங்கே குடியிருந்தபோது என் தந்தை ஜன்னல் கதவுக்குப் பச்சை வண்ணம் பூசினார். உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, எண்ணூறு ஆண்டுப் பழைய ஊரில் எதையும் மாற்றக்கூடாது என்றார். தந்தை மறுநாளே பழையபடி சாம்பல் நிறம் பூசினார். கோட்டைச் சுவரிலிருந்து உதிர்ந்த கல் ஒன்றை நான் விளையாட எடுத்து வந்தபோதும், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். யார் வைத்தது என்றே தெரியாத கல்லை அசைக்கக்கூடாத ஊரில், பெயர் தெரிந்த ஒரு மனிதரை ஆறு ஆண்டுகளில் எப்படி அசைப்பார்கள்? இதை வாதத்துக்காகக் கேட்கவில்லை ஐயா. உண்மையிலேயே புரியவில்லை.

எனக்குப் பதினேழு வயது. இங்கே வகுப்பில் வாய்திறக்க வெட்கப்பட்டே பள்ளியைப் பாதியில் விட்டவள். சட்டம் தெரியாது. தொலைபேசியில் உங்களிடம் பேசத் துணிவில்லாததால், காரைக்காலில் கற்ற தமிழில் எழுதுகிறேன்.

ஆகவே, அந்தப் பலகையை எடுத்துவிட்டு, என் தந்தையை இருக்கும் இடத்திலேயே இருக்க விடுமாறு வேண்டுகிறேன். கவனிப்புக்கு அடையாளம் ஏதேனும் கட்டாயம் என்றால், புல்லுக்குக் கேடு வராத ஒன்றைப் பசுபதி அவர்களிடம் சொல்லுங்கள், செய்கிறோம். அந்தப் பக்கம் போகும்போது குறுக்காக இருக்கும் கபுரைப் பாருங்கள். புல் பச்சையாக இருந்தால், குடும்பத்தார் வந்துபோனதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம்: ஃப்ரீமான்ட்
நாள்: 14.11.2008

பணிவுடன்,
மு. இன்ஷா