வெட்டி எறிந்த நாலு விநாடி

குருநகர்,
14.03.2025

அன்புள்ள கிறிஸ்ரோபர் அண்ணைக்கு,

தம்பி சுபாஸ் எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுத மனம் வரவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். "ஸ்ரூடியோவில நிக்கிறன், பிறகு எடு" என்று நீங்கள் வெட்டிவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வெட்ட ஏலாது. றெஜினா அக்கா சனிக்கிழமை பாரிசுக்கு மகளிடம் வருகிறார். அவரிடம் கொடுத்து விடுகிறேன். கூடவே ஒரு பென் டிரைவ் இருக்கும். அது எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

வீட்டுப் புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. மழைக்கு ஒழுகிய கூரையைத் திருத்தியாகிவிட்டது. எனக்கும் வேலை குறைவில்லை. துறையில் உள்ள பாதி வள்ளங்களின் ஜிபிஎஸ்ஸும் வோக்கிடோக்கியும் திருத்த வந்து என் மேசையில்தான் கிடக்கின்றன. அம்மாவுக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொன்னார் டொக்டர். காரணம் உப்பு இல்லை, உங்கள் மூன்றாவது றெக்கோட்.

பக்கத்து வீட்டு லவீனாவுக்குத் தை மாதம் கலியாணம். மண்டபத்தில் சாப்பாடு முடிந்ததும், பாட்டுப் போட வந்த லக்ஷன் மைக்கைப் பிடித்து, "பாரிசைக் கலக்குற எங்கடை குருநகர்ப் பெடியன்ரை பாட்டு" என்றான். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் அனுப்பிய லிங்கை அதுவரை நான் திறந்து பார்க்கவில்லை. முதலில் பேஸ், பிறகு கைதட்டு, பிறகு மூடிய கதவுக்குப் பின்னால் இருந்து வருவது போல ஒரு பெண் குரல். குரலை அமுக்கி வைத்த பில்ற்றரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருந்தீர்கள். குரல் முழுதாக வெளியே வந்ததும் பெடியள் எல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். சுருதியை ஏற்றி, துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருந்ததால் அது ஒரு பெயர் என்றே அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை.

அம்மாவுக்கு விளங்கியது. கையிலிருந்த ஐஸ்கிரீம் கப்பைக் கதிரையில் வைத்துவிட்டு, ஆடுகிறவர்களுக்கு நடுவால் நடந்து லக்ஷனிடம் போனார். நான் பின்னால் ஓடினேன்.

"தம்பி, உதுக்குப் பிறகு வாறது எங்க?" என்று கேட்டார்.

"பிறகு ஒண்டும் வராதணை. உதுதான் திருப்பித் திருப்பி வரும்" என்றான் அவன்.

"அப்ப அவர் எப்பிடிப் போறது?"

"ஆர், மாப்பிள்ளையோ? கார் வெளியில நிக்குது" என்று சிரித்தான். அவனில் பிழையில்லை. அவனுக்கு என்ன தெரியும்?

உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தீர்கள் என்பதால் எழுதுகிறேன். அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. கிராமப் பதிவுக்கு விதானையார் கேட்டால்கூட என்னைப் பார்ப்பார், நான் "செபநாயகம்" என்று சொல்ல வேண்டும். அப்பா கடல் தொழிலுக்கு இறங்கும்போது, போய்த் திரும்பி வரச் சொல்லி, "போட்டு வாங்கோ" என்பார். வெறும் "போங்கோ" என்ற சொல் எங்கள் வீட்டு வாசலில் கேட்டதே இல்லை. ஏழு வருஷத்துக்கு முன் அப்பா இல்லாமல் வள்ளம் மட்டும் மண்டைதீவுப் பக்கம் ஒதுங்கியதே, அதன் பிறகு முப்பது நாளும் அம்மா விடியற்காலையில் துறைக்குப் போய், வந்த வள்ளம் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முப்பத்தோராம் நாள், உடம்பில்லாமல் பூசை முடிந்து, கரையில் பெண்கள் ஒப்பாரி வைத்தபோதுதான் இடுப்பளவு தண்ணீரில் நின்று முதல் தடவையாக அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு மூச்சு எடுத்தார். பிறகு "போங்கோ" என்றார். அடுத்த நாளிலிருந்து துறைக்குப் போகவில்லை.

உங்களுக்கு அப்போது விசா இல்லை, வர முடியவில்லை. "ஒண்டையும் விடாமல் எடுத்து அனுப்படா, இஞ்ச இருந்து அழவாவது வேணும்" என்று நீங்கள் கெஞ்சியதால்தான் பதிவு எடுத்தேன். அது மட்டுமா? உங்களுக்குத் தெளிவாகக் கேட்கட்டும் என்று இரண்டு நாள் மினக்கெட்டுக் காற்று, அலை, மற்றப் பெண்களின் அழுகை எல்லாவற்றையும் துடைத்து அம்மாவின் குரலைத் தனியாக எடுத்துத் தந்தேன். அழுவதற்குத் தந்ததை வெட்டுவதற்கு வசதி செய்து தந்திருக்கிறேன். அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

பழைய இசைத்தட்டில் இரண்டு விநாடி வெட்டிச் சுழற்றி ஆட்களை ஆட வைப்பது உங்கள் தொழில். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் இரண்டு றெக்கோட்டும் நன்றாகத்தான் இருந்தன. இதுவும் நன்றாக இருக்கிறது, அதுதான் எரிச்சல். வெட்டின இடத்தில் ஒரு கிளிக் சத்தம்கூட இல்லை. ஆனால் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, மூச்சும் "போங்கோ"வும் சேர்ந்த நாலு விநாடியை எறிந்துவிட்டீர்கள். தாளத்துக்குள் அடங்கவில்லை என்று சொல்லாதீர்கள். அதை அடக்கத் தெரியாத ஆள் இல்லை நீங்கள். அந்த இடம் வரை உங்களால் கேட்க முடியவில்லை. சரியா?

லவீனாவின் கலியாணத்துக்கு மறுநாளிலிருந்து அம்மா திரும்பவும் துறைக்குப் போகிறார். வள்ளங்களை எட்டிப் பார்க்கிறார். "என்னணை பாக்கிறியள்?" என்று மறித்துக் கேட்டேன். "நான் கூப்பிட்டனான், அனுப்பியும் விட்டனான். உவன் கூப்பிடுறதை மட்டும் வைச்சிருக்கிறான். கூப்பிட்ட சத்தம் கேட்டு அந்த மனிசன் வந்து பாத்தால் கரையில ஒருத்தரும் இல்லாமல் நிக்கிறதே?" என்றார். அவருக்கு மூளை பிசகவில்லை. டொக்டரிடம் ஒழுங்காகத்தான் கதைக்கிறார். இந்தத் தவசு காலத்தில், யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடக் கோயிலில் கூப்பிட்டார்கள். எங்கள் பங்கில் அம்மாதான் முதல் குரல் எடுப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். "வாயைத் திறந்தால் வெட்டுவாங்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

பென் டிரைவில் இருப்பது அன்றைய மூலப் பதிவு. காற்றும் இருக்கிறது, அலையும் இருக்கிறது, நான் ஒன்றையும் துடைக்கவில்லை. ஒருக்கால் முடிவு வரை கேளுங்கள். அதற்குப் பிறகு அந்த றெக்கோட்டை எல்லா இடத்திலும் இருந்து எடுங்கள். எத்தனை ஆயிரம் பேர் ஆடினார்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். இப்போது கையில் பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கிறது. ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு நாட்டு மேடையில் நிற்கும் படங்களைப் பார்க்கிறேன். உயிர்த்த ஞாயிறுக்கு முன் வாருங்கள். வந்து, விடியற்காலையில் அம்மாவோடு துறையில் நில்லுங்கள். அவர் மறுபடி சொல்ல வேண்டியதை உங்களுக்கு முன்னால் சொல்லட்டும். நான் பதிவு செய்ய மாட்டேன்.

கடவுள் உங்களுக்கு நல்ல சுகமும் நல்ல புத்தியும் தரட்டும். நீங்கள் வெளிக்கிட்ட அன்று அம்மா படலையில் நின்று உங்களுக்கும் "போட்டு வா" என்றுதான் சொன்னார். வெறும் "போ" என்று இன்னும் சொல்லவில்லை. சொல்ல வைக்காதீர்கள், அண்ணை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
சுபாஸ்