உங்கள் சாவுக்கு நான் வாங்கி வந்த வெடி

மாப்பிள்ளை,

தெருமுனையிலிருந்து வெடிமருந்து வாசனை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஜன்னல்களைச் சாத்திவிட்டேன். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்திருக்கிறேன். சத்தத்துக்குச் சத்தம் இருக்கட்டும் என்று தண்ணீர் மோட்டாரையும் போட்டுவிட்டேன், தொட்டி நிரம்பி வழிந்தால் வழியட்டும். ஆனால் வாசனையை என்ன செய்வது? நாலு வீடு தள்ளி இருந்த பெரியவரை இன்று காலையில் எடுத்தார்கள். நான் கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, பெயிண்ட் கடை எஸ்டிமேட் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். கட்டிலுக்கு அடியில் உங்கள் காக்கிப் பையின்மேல் உங்கள் நாய் செவலை படுத்திருக்கிறாள். அவள் நடுங்குவதில் கட்டில் சட்டம் லேசாகத் தட்டுவது என் முதுகுக்குத் தெரிகிறது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் சாவு அன்றைக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

என் தங்கச்சியை உங்களுக்குக் கொடுத்தபோது, கரண்ட் ரீடிங் எடுக்கிறவர், கீரப்பாளையத்தில் சொந்த வீடு என்பது மட்டும்தான் எனக்கு உங்களைப் பற்றித் தெரிந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எது வெறும் வாய், எதற்கு இடது காது கேட்காது என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி என்று பிறகுதான் தெரிந்தது. எல்லாம் சட்டைப் பையில் இருக்கிற ரெண்டு பொறை ரொட்டியை வைத்துக்கொண்டு நடத்துகிற வித்தை. டீக்கடையில் பொறை வாங்கும்போது கடைக்காரர், "சார், டீ உங்களுக்கு, பொறை யாருக்கு?" என்று கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட உங்களையே கெண்டைக்காலில் கடித்தவள் இவள். மீட்டர் பெட்டிக்குக் கீழே முழ நீளச் சங்கிலியில் கட்டிக் கிடந்தாள். ஒரு தீபாவளிக்கு யாரோ புண்ணியவான்கள் அவள் வாலில் சரவெடியைக் கட்டிக் கொளுத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து மனுஷ வாடை பட்டாலே குரைப்பு, குரைத்தால் வீட்டுக்காரன் கையில் அடி, அடி விழ விழ இன்னும் குரைப்பு. நீங்கள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு நேராக அந்த வீட்டுக்கே திரும்பிப் போய், "இத எனக்குக் குடுத்துடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தீர்கள்.

செய்தி கேட்டுக் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து நான் கத்தினேன். "கடிச்ச நாய வீட்டுக்குக் கூட்டியாந்த ஒரே ஆளு நீங்கதான் மாப்ளே! மூள கீள இருக்குதா உங்களுக்கு?"

நீங்கள் கோபப்படவில்லை. கொல்லையில் முருங்கை மரத்தடியைக் காட்டினீர்கள். அவள் குரைத்துக்கொண்டே ஓரடி ஓரடியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். "நல்லா பாருங்க மச்சான். கோவக்காரன் முன்னாடி வருவான். இவ கத்திகிட்டே பின்னாடி போறா. இது கோவம் இல்ல, பயம். பயத்த அடிச்சா போவுமா?"

போகாது என்று எனக்கு விளங்கினாலும் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. என் வாய் அப்படிப்பட்டது. கத்துவதற்கு மட்டும் முந்திக்கொண்டு திறக்கும்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் வரும்போது நீங்கள் கொல்லையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருப்பீர்கள். அவள் கண்ணைப் பார்க்க மாட்டீர்கள், கை நீட்ட மாட்டீர்கள். பொறையை உடைத்து, பார்க்காமலே பின்னால் போடுவீர்கள். முதல் மாதம் நீங்கள் எழுந்து போன பிறகுதான் தின்றாள். ரெண்டாம் மாதம் நீங்கள் இருக்கும்போதே எட்டி எடுத்துக்கொண்டு ஓடினாள். மூன்றாம் மாதம் உங்கள் முதுகில் மூக்கை வைத்து முகர்ந்தாளாம், அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மகள் பாஸான மாதிரி எனக்குப் போன் போட்டீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் வந்து எல்லாவற்றையும் கெடுத்தேன். வாசலில் நுழைந்ததும் அவள் குரைத்தாள். யோசிக்கவே இல்லை, குனிந்து காலில் இருந்த செருப்பைக் கழற்றி ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை, ஓங்கியதோடு சரி. அவள் ஒண்ணுக்குப் போய்விட்டாள். சுவரோரம் சுருண்டுகொண்டு அன்று முழுக்க உங்களிடம்கூட வரவில்லை. நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "மூணு மாசம் போச்சி மச்சான்" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்ல, மறுபடி ஆரம்பிப்போம்" என்று பொறையை எடுத்து உடைத்தீர்கள். அதில் பாதியை என் கையில் கொடுத்து என்னையும் உட்கார வைத்தீர்கள். ஐம்பது வயதுக்கு மேல் நான் கொல்லையில் நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்துத் தங்கச்சி அடக்க முடியாமல் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தே இப்போது ரொம்ப நாளாகிறது.

வெடிச் சத்தத்துக்குத்தான் உங்களுக்குப் பொறுமை நிறையத் தேவைப்பட்டது. செல்போனில் வெடி வெடிக்கிற வீடியோவை, நமக்கே கேட்காத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து, தலையணைக்கு அடியில் வைப்பீர்கள். அது ஓடும்போது மட்டும் வேகவைத்த முட்டை. நிறுத்தினால் முட்டையும் நின்றுவிடும். வாரத்துக்கு ஒரு புள்ளி சத்தம் கூட்டுவீர்கள். "தின்றத நிறுத்திட்டான்னா சத்தம் ஜாஸ்தின்னு அர்த்தம் மச்சான். அவகிட்ட சண்டை போடாம நாமதான் கொறைக்கணும்." இப்படி ரெண்டு வருஷம். ரெண்டாவது தீபாவளிக்கு அவள் கட்டிலுக்கு அடியில், நீங்கள் ரீடிங்குக்குத் தூக்கிப் போகிற காக்கிப் பையின்மேல் படுத்து, தெருவே அதிரும்போது முட்டை தின்றாள். என் சொந்தக் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சிதம்பரத்தில் ஒரு சாவுக்குப் போய்விட்டு நாம் உங்கள் வண்டியில் திரும்பியது நினைவிருக்கிறதா? மேல வீதி முனையில் ஊர்வலத்துக்கு முன்னால் வெடி போட்டுக்கொண்டே போனார்கள். ஒரு தெருநாய் வாகனங்களுக்கு நடுவில் கண் தெரியாத மாதிரி ஓடியது. நீங்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சொன்னீர்கள்: "நான் போனா மேளம் வைங்க, மாலை போடுங்க, என்னா வேணா பண்ணுங்க. வெடி மட்டும் வேணாம் மச்சான். பொண்ணு வீட்டு மொறைக்கு நீங்கதான் வாங்கியாருவீங்க. அதான் உங்ககிட்ட சொல்றேன்."

"வாயக் கழுவுங்க மாப்ளே" என்றேன். நீங்கள் விடவில்லை. "சரின்னு சொல்லுங்க." சரி என்றேன். சத்தியமாக, சரி என்றேன்.

அடுத்த மாசியில் ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான்.

நாங்கள் கடலூரிலிருந்து வேனில் கிளம்பினோம். சிதம்பரத்தில் மாலை வாங்க நிறுத்தியபோது சித்தப்பா கேட்டார், "வெடி எங்கடா?" நான் சொன்னேன், அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்று. சொன்னேன்தான். ஆனால் எப்படிச் சொன்னேன் தெரியுமா, தப்பு செய்தவன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு. சித்தப்பா வேனில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "தங்கச்சி புருஷன் செத்திருக்கான், பொறந்த வீட்டுலருந்து சத்தமே இல்லாம போய் நின்னா ஊரு காறித் துப்பும்டா. ஒரு நாய்க்காவவா?" என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது மாப்பிள்ளை. இறங்கிப் போய் நானே வாங்கினேன். ஒரு சரம் போதும் என்று கடைக்குள் போனவன், வாங்குவதே வாங்குகிறோம் என்று ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்தேன்.

வேனிலிருந்து சாக்கை இறக்கும்போது தங்கச்சி பார்த்துவிட்டாள். தலைவிரி கோலமாக எழுந்து ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அண்ணே, வேணாண்ணே. அவரு உங்கிட்டதானே சொன்னாரு..." நான் என்ன சொன்னேன்? "செவலைய உள்ள வெச்சிப் பூட்டிட்டா போச்சி. நீ போய் உக்காரும்மா." அவள் என் கையை விட்டுவிட்டாள்.

பின்கட்டு அறையில் பூட்டினேன். முதல் சரம் வாசலிலேயே வெடித்தது. உங்களைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க யாரோ பின்கட்டைத் திறந்திருக்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன பயன்? அடுத்த சரத்துக்கு அவள் கொல்லை வேலியைத் தாண்டி வயலில் ஓடியதை நான் பார்த்தேன். கையில் ஊதுவத்தியோடு மூன்றாவது சரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பார்த்தேன். என் கையிலிருந்த ஊதுவத்தியை வாங்கி அதையும் கொளுத்தினார்கள். என் வீட்டு வெடி பிரமாதம் என்று ஊரே பேசியதாம். சித்தப்பா காரியம் முடியும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தூ!

பதினோராவது நாள்தான் தகவல் கிடைத்தது, சிதம்பரம் போகிற ரோட்டில் வாய்க்கால் மதகுக்கு அடியில் செவலையாக ஒரு நாய் இருக்கிறது என்று. போய்ப் பார்த்தேன். நகம் நாலு பிய்ந்து, விலா எலும்பு எண்ணுகிற மாதிரி கிடந்தாள். கூப்பிட்டால் இன்னும் உள்ளே போனாள். உங்கள் காக்கிப் பையை எடுத்துப் போய் மதகு ஓரத்தில் வைத்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தேன். வெயிலில் நாலு நாள். போகிறவர்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நாலாம் நாள் சாயந்திரம் பையின்மேல் வந்து படுத்தாள். என்னிடம் வரவில்லை, பையிடம் வந்தாள்.

உங்கள் தெருவுக்குள் அவளைக் கூட்டிப்போக முடியவில்லை. தெரு முனையிலேயே நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, வாயில் நுரை தள்ள நின்றுவிட்டாள். மூன்று தடவை முயன்றோம். மூன்றாம் தடவை தங்கச்சி அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து அழுதாள். "என்னா பாவம் பண்ணேன் நானு? அவரும் போயிட்டாரு, இவளும் வூட்டுக்குள்ள வரமாட்டேங்கறா. நீயே கூட்டிட்டுப் போ. நீ பண்ணதுதானே!" அன்றைக்குப் பேசியதுதான். நான் போன் போட்டால் எடுப்பாள், "ம்" என்பாள், வைத்துவிடுவாள்.

இன்று காலைக்கு வருகிறேன். பெரியவர் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றதும் நான் வெளியே போனேன். எதிர்பார்த்தபடியே அவருடைய மச்சான் முறைக்காரர் சாக்கை இறக்கிக்கொண்டிருந்தார். கைகூப்பினேன். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தெருவுல மட்டும் வேணாம். எங்க வூட்டு நாய் ரொம்பப் பயந்துக்கும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு நாய்க்காவ எங்க மாமாவோட மரியாதையக் கொறைக்கச் சொல்றீங்களா?"

"ஆமாம்" என்றேன். ரெண்டு பேர் திட்டினார்கள், ஒருவர் என் வயதைக்கூடப் பார்க்கவில்லை. நான் நகரவில்லை. கடைசியில் வீட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மா வந்து, "முனைக்குப் போய் வெடிங்கப்பா, என்னா இப்ப?" என்றார். சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மொத்தமே ரெண்டு நிமிஷம் மாப்பிள்ளை. யாரும் காறித் துப்பவில்லை, என் மானமும் எங்கேயும் போய்விடவில்லை. முன்பின் பேசியிராத ஒருவர் சாவில் திறந்த இந்த வாய், உங்கள் சாவில் எங்கே போயிருந்தது?

உள்ளே வந்து தங்கச்சிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். வழக்கம்போல "ம்" என்பாள் என்று நினைத்தேன்.

"செவலை சாப்ட்டாளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. முனையில வெடிச்சதுக்கே நடுங்குறா."

"அன்னிக்கி அந்தச் சாக்க வேன்லருந்து எறக்காம இருந்திருக்கலாம் இல்லண்ணே நீ" என்றாள். வைத்துவிட்டாள்.

என் சட்டைப் பையில் இப்போதெல்லாம் எப்போதும் பொறை இருக்கிறது. துவைக்கப் போடும்போது தூள் கொட்டுகிறது என்று வீட்டில் திட்டுகிறார்கள், எறும்பு மொய்க்கிறது. சற்று முன் ஒரு துண்டை உடைத்து, பார்க்காமல் பின்னால் போட்டேன். அவள் தொடவில்லை. தொடவில்லை என்றால் சத்தம் இன்னும் ஜாஸ்தி என்று அர்த்தம். முனையில் எப்போதோ ஓய்ந்துவிட்டது, அவள் காதில் ஓயவில்லை போலிருக்கிறது.

மறுபடி ஆரம்பிப்போம் என்று சொல்ல நீங்கள் இல்லை. நானே சொல்லிக்கொண்டு இன்னொரு துண்டை உடைத்திருக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை. கையும் நீட்டவில்லை.