பூனைக்கும் ஏகாதசி

ஸ்ரீரங்கம்
யுவ வருஷம், மாசி மாதம்

சௌபாக்கியவதி வேதவதிக்கு அப்பா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பெருமாள் கிருபையில் இங்கே என் காலம் ஓடுகிறது, ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஆரோக்கியமாக இருப்பதாகத் தெரிந்தால் எனக்கு அதுவே போதும். காவேரிப் படியில் விழுந்து அடிபட்ட இடுப்பு இன்னும் வழிக்கு வரவில்லை, கோலை ஊன்றி வாசல்வரை போகிறேன், குனிய மட்டும் முடியாது. பக்கத்து அகத்து அரவிந்தவல்லி வேளாவேளைக்குத் தளிகை கொண்டுவந்து வைக்கிறாள், அதில் குறையில்லை.

உன் அம்மா வளர்த்த பூனையை யாரிடமாவது கொடுத்துவிடும்படி எழுதியிருந்தாய். குனிந்து தட்டில் சோறு வைக்க முடியாதவனுக்குப் பூனை எதற்கு என்பது உன் நியாயம். அதற்கும் வழி பண்ணிவிட்டேன். விறகு போடும் பிச்சை ஒரு மூங்கிலை நடுவே பிளந்து, கணுக்களைச் செதுக்கி, என் சாய்வு நாற்காலியின் கையில் சரிவாகக் கட்டிக் கொடுத்தான். மோர் விட்டுக் கரைத்த சாதத்தை மேலே ஊற்றினால் கீழே தட்டில் போய் விழுகிறது. முதல் நாள் கெட்டியாகப் போட்டுப் பாதியில் நின்றுவிட்டது, எறும்புக்குத்தான் விருந்து. பிறகு இரண்டு பேரும் பழகிக்கொண்டோம். சாப்பிட்டுவிட்டு என் காலடியிலேயே படுத்துக்கொள்ளும். உன் அம்மா பரமபதித்த பிறகு இந்த அகத்தில் நான் பேசினால் திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் இருந்தது, வேதா.

போன ஏகாதசியன்று எனக்குப் புத்தி கெட்டுப்போயிற்று. சோறு புழங்காத நாளில் பூனைக்கு மட்டும் என்ன சலுகை என்று ஒன்றும் ஊற்றவில்லை. அதுக்கேது மாமா ஏகாதசி, துளி பாலாவது விடுங்கோளேன் என்று அரவிந்தவல்லி சொன்னாள், இந்த அகத்தில் இருக்கிற யாரானாலும் உபவாசம்தான் என்று அதட்டி அனுப்பினேன். அது வெகுநேரம் மூங்கிலின் அடியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தது, பிறகு எழுந்து போய்விட்டது. துவாதசிக் காலையில் சாதத்தை ஊற்றிவிட்டு, முதலில் அது வந்து வாய் வைக்கட்டும் என்று பாரணை பண்ணாமல் பட்டினியாகவே காத்திருந்தேன். வரவில்லை, இன்றுவரை வரவில்லை. எதிர் அகத்து மதில்மேல் உட்கார்ந்திருப்பது வாசலிலிருந்து தெரிகிறது, தெருவைத் தாண்டிப்போக என்னால் ஆகவில்லை. அரவிந்தவல்லி கிட்டே போனால் பாய்ந்து ஓடுகிறது. பூனையே, பூனையே என்று கூப்பிட்டுப் பார்த்தேன், காதைக்கூட அசைக்கவில்லை.

உன் அம்மா அடுக்களையில் நின்று ஏதோ பேர் சொல்லிக் கூப்பிடுவாள், எங்கிருந்தாலும் ஓடிவரும். கல்யாணத்துக்கு முன் நீயும் அப்படித்தான் கூப்பிடுவாய். எவ்வளவு யோசித்தும் எனக்கு வரமாட்டேன் என்கிறது. அவள் குரல் காதில் கேட்கிறது, பேர் மட்டும் கேட்கவில்லை.

குழந்தையை ஈரத்தில் விடாதே, மாப்பிள்ளைக்கு என் ஆசிகளைச் சொல். தீர்க்க சுமங்கலியாக இரு. மறுதபாலில் வேறொன்றும் எழுத நேரமில்லாவிட்டாலும் அந்தப் பேரை மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
சௌரிராஜன்