இல்லாத மரத்திலிருந்து வடக்கே

எலிசேயோ வாத்தியாரே,

மருமகள் ஹெதர் மானாகுவாவில் வந்து இறங்கி வெகுநேரம் ஆகிறது. இன்னும் வீடு வந்து சேரவில்லை. "அத்தை, இங்க மரமே இல்லையே" என்று போனில் அழுகிறாள். கூட்டிவரப் போகிறேன்.

வீட்டுக்கு வழி எழுதும்போது, நம் ஊரில் ‘ஏரிப்பக்கம்’ என்று சொல்லும் திசையை அவளுக்காக இங்கிலீஷில் வடக்கு என்று எழுதி, அதற்குப் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று நேற்று முழுக்க இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினீர்கள். இங்கிலீஷில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ‘பெரிய மரத்திலிருந்து வடக்கே இரண்டு தெரு’ என்றால் அவள் எங்கே போய் நிற்பாள்? மரம்தான் அந்தப் பூகம்பத்தோடு போய்விட்டதே, அவள் பிறப்பதற்கும் முன்னால். டயர் கடைக்காரரைக் கேட்டாளாம். அவரும் வெறும் தரையைக் காட்டி, "இதாம்மா மரம்" என்றாராம்.

அவள் அறைச் சாவி அலமாரி மேல் இருக்கிறது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். பானையில் வாழையிலையில் கட்டி வேகவைத்திருக்கும் நகதமால் அவளுக்கு, தொடாதீர்கள். நம் மகன் போனில் கூப்பிட்டால், "உன் பொண்டாட்டி குளிக்கிறா" என்று சொல்லுங்கள்.

நினோஸ்கா

பி.கு.: செருப்பு மாட்டும்போதுதான் உறைக்கிறது. போனை வைக்கும்முன் நானும் அவளிடம், "எங்கயும் போயிடாதம்மா, அந்த மரத்தடியிலேயே நில்லு" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.